மூன்றே கால்

முயல் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தார்கள்.
போர் முடிந்து
இனி விமானம் செய்யக் கூடாது என்று ஆனபின்
விமானம் செய்த கைகள் செய்த ஸ்கூட்டர்.
அறுபத்தெட்டோடு நிறுத்திவிட்டார்கள்.

ஹொனாமியிடம் நான்கு இருக்கின்றன.
பள்ளிக்கூடச் சமையல்காரி.
அறுநூறு பிள்ளைகளுக்கு மிசோ சூப் கிண்டிவிட்டு
மூன்று மணிக்கு மேல் வீடு திரும்பினால்
கார் நிற்கவேண்டிய இடத்தில்
முயல்கள்.
ஒன்று நீலம், ஒன்று பாலாடை நிறம்,
ஒன்றுக்கு நிறமே இல்லை, துருதான்.
நான்காவது பதினொரு அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது.
கணவர் தோஷியாகி தன் காரைத்
தெருமுனையில் மாத வாடகைக்கு நிறுத்துகிறார்.
அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை,
மாதம் ஒருமுறை தவிர.

ஐந்தாவது, சகாதாவில்.
மூடப்போகிற ஒரு சலவைக்கடை.
பிப்ரவரி. அங்கே பனி மேலிருந்து விழாது,
கடலிலிருந்து பக்கவாட்டில் வரும்.
இரவல் வாங்கிய குட்டி லாரி, கயிறு, பழைய போர்வை,
இரண்டு உறைகளில் பணம்.
முதல் உறை பேரத்துக்கு.
இரண்டாவது, தோற்றால்.

இசுருகி என்ற கடைக்காரர்
நீராவி யந்திரங்களுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
யாரும் திரும்ப வாங்க வராத கோட்டுகளை
விலக்கிவிட்டுப் பார்த்தால்
குந்தியிருந்தது.
காற்றுத் தாங்கி இறங்கிப்போன முயல்
அப்படித்தான் உட்காரும், வயிறு தரையில் பட.

அவள் முதலில் விலை கேட்பதில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு மண்டியிடுவாள்.
சட்ட எண் சரி.
விளக்கு வளையம் அசல், இடது பக்கம் ஒரு நசுங்கல்.
பக்கத் தகட்டைத் திறந்தாள்.

புறா.

போட்டிக் கம்பெனி விற்ற ஸ்கூட்டருக்கு
அதுதான் பெயர். அதன் எஞ்சின்
இதன் வயிற்றில்.
கையால் வெட்டிய தகடு, பொருந்தாத போல்ட்டுகள்,
கோட்டு மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த ஒரு கொக்கி.

"தம்பி செய்தான்" என்றார் இசுருகி.
"பாகம் கிடைக்கவில்லை. டெலிவரி நிற்கக் கூடாதே."
எத்தனை வருஷம் ஓடியது?
"ஒன்பது. மழையில் மட்டும் இருமும்."

இந்த இடத்தில் ஒரு சேகரிப்பாளர் செய்யவேண்டியது
எல்லோருக்கும் தெரியும்.
உச்சுக்கொட்டித் தலையாட்டிப் பாதி விலை சொல்வது.
வீட்டுக்குப் போய்ப் புறாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு
அசல் எஞ்சினுக்கு ஏலம் ஏலமாய் அலைவது.
அவளும் உச்சுக்கொட்டத்தான் செய்தாள்.
பிறகு அந்தக் கொக்கியைத் தொட்டாள்.

இரண்டாவது உறையையும் கொடுத்துவிட்டாள்.
ஏன் என்று தோஷியாகி கேட்டார்.
"ரொம்பக் குளிராக இருந்தது" என்றாள்.
அது பதில் இல்லையென்று இருவருக்கும் தெரியும்.

ஜூனில் சங்கக் கூட்டம், சினானோ ஆற்றங்கரையில்.
முப்பத்தெட்டு முயல்கள் வரிசையாக,
மெழுகு போட்டுத் துடைத்து,
நடுவில் அட்டை பிடித்த நடுவர்கள்.
நிகாய்தோ என்பவர் குனிந்தார், நிமிர்ந்தார், எழுதினார்:
முயல் அல்ல. புறாவும் அல்ல. வகை இல்லை.
தயவுசெய்து சைக்கிள்கள் பக்கம் நிறுத்துங்கள்.

"முயல்" என்றாள்.
எஞ்சினைப் பாருங்கள் என்றார்.
"பார்த்தேன். முயல்."
விதிப்புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டினார்.
"நல்ல புத்தகம். முயல்."

அவளுக்குத் தெரியாத என் மொழியில்
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள்,
பிடிவாதக்காரர்களைக் கேலிசெய்ய.
கேலிசெய்தவர்கள் ஒருவரும்
முயல் பிடிக்கப் பனியில் போனதில்லை போல.

சைக்கிள்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.
ஈரப் புல். ஸ்டாண்டு புதையாமலிருக்க
ஒரு ஊறுகாய்ப் புட்டி மூடியை அடியில் போட்டு
மிதித்து நிறுத்தினாள்.
முன்சக்கரம், பின்சக்கரம், ஸ்டாண்டு.
இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

நாலு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது.
முப்பத்தெட்டு பேரும் தார்ப்பாய் தேடி ஓடினார்கள்.
அவள் கிளப்பினாள்.
இருமியது.